ஒரு முழம் குறைந்த கட்டில்

என் அண்ணன் கால் நீட்டிப் படுப்பதற்காகச் செய்த கட்டிலை, நான் வேண்டுமென்றே ஒரு முழம் குறைத்தேன்.

கைதவறி அல்ல. அளவு பிசகி அல்ல. பலகை போதாமலும் அல்ல. அவருடைய உயரம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அறுத்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், உங்களை எனக்குத் தெரியாது என்பதுதான். ஒருவேளை நீங்கள் நாகல் நகரில் என் கடைக்கு வந்து, வண்டி சீட்டுக்கு உறை மாற்றிக்கொண்டு போனவராகவும் இருக்கலாம். அப்படியானால் கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் நிற்கும் பழைய வேனைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்பக்கம் தொங்கும் நீல ரெக்சின் பையைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டிருப்பீர்கள். நானும் எதையோ சொல்லிச் சமாளித்திருப்பேன்.

எழுத உட்காரும்போது அழுகை வரும் என்று நினைத்தேன்... வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருக்கிறது. கிள்ளுவது தெரிகிறது, வலிதான் தெரியவில்லை.

அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆள் நல்ல உயரம். எங்கள் வீட்டு வாசலில் குனியாமல் நுழைந்ததே இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டிக்கு வேன் ஓட்டினார். தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கிளம்பினால், பாலக்காடு தாண்டி, விடிவதற்குள் கேரளத்துக் கடைகளில் இறக்கியாக வேண்டும். இறக்கிய பிறகு வண்டியை ஓரங்கட்டிவிட்டு முன் சீட்டிலேயே படுப்பார். படுப்பது என்பது பேச்சுக்கு. கியர் கம்பி விலாவில் இடிக்க, முழங்கால் நெஞ்சில் முட்ட, சுருண்டு கிடப்பார். வெயில் ஏறியதும் காலிக் கூடைகளோடு ஊர் திரும்புவார். வயதில் பெரும்பகுதியை அப்படித்தான் தூங்கிக் கழித்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இல்லாத வீட்டில் எனக்குப் பெண் பார்க்க அவர் போனார். அவருக்குப் பெண் பார்க்கப் போக யாரும் இல்லை. நான் போயிருக்கலாம்... போகவில்லை. அது வேறு கதை. இன்றைக்குக் கட்டிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதற்கே எனக்குத் தெம்பு போதாது.

எங்கள் வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. முன்னால் ஒரு கூடம், உள்ளே ஓர் அறை, ஒட்டினாற்போல் சமையற்கட்டு. கூடத்தில் அண்ணன், அறையில் நானும் என் மனைவி வசந்தியும். நடுவில் கதவு கிடையாது, ஒரு திரை மட்டும்தான். ஊரில் உள்ள வண்டிகளுக்கெல்லாம் திரை தைத்தவன் என் வீட்டுக்கும் ஒன்று தைத்துக்கொண்டேன்.

அண்ணன் லோடு ஏற்றிப் போகும் நாட்களில் வீடு எங்களுடையதாக இருந்தது. பிறகு அவர் கண்ணில் கோளாறு வந்தது. எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டால் ரோடே வெள்ளையாகிவிடுகிறது என்றார். இரவு ஓட்டத்தை விட்டுவிட்டு, பகலில் மார்க்கெட்டுக்குள் சின்ன வண்டி ஓட்டத் தொடங்கினார். பொழுது சாய்ந்தால் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார். தினமும்!

திரைக்கு அந்தப் பக்கம் அவர் புரண்டு படுப்பது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது என்பதைத் தெரிவிப்பதற்காகவே அவர் இருமுவார். வசந்திக்குச் சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சண்டை போட்டால்கூட முணுமுணுப்பாகத்தான் போடுவோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊர் அதற்குக் காரணம் கேட்டபோது, நான் மனசுக்குள் அந்தத் திரையைக் கைகாட்டினேன். எவ்வளவு அற்பமான சாக்கு!

அவரை வெறுத்தேனா? வெறுத்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். வெறுக்கவில்லை. அவர் தட்டில் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் குறைந்தால் முதலில் எடுத்து வைப்பவன் நான்தான். ஆனால் அவர் இல்லாத ஓர் இடம் வேண்டும் என்று இருந்தது. எனக்கும் வசந்திக்கும் மட்டுமான, கதவு போட்ட ஓர் இடம். அது ஒரு குற்றமா? நீங்கள் இல்லை என்றுதான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

மண்டிக்காரர் புது வண்டி வாங்கியபோது, காயலான் கடைக்குப் போகவிருந்த பழைய வேனை அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். பின்னால் நாலு பக்கமும் மூடிய பாடி. ஏறி நின்றால் அழுகிய தக்காளியும் வெங்காயச் சருகும் கலந்த வாடை. அண்ணன் அதைக் கொண்டுவந்து காலி மனையில் நிறுத்திவிட்டு, என்னையும் வசந்தியையும் உள்ளே ஏற்றிக் காட்டினார். அரண்மனையைக் காட்டுபவரைப் போல முகம்!

கொடைக்கானல் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வண்டிக்குள்ளேயே அடுப்பும் படுக்கையும் வைத்துக்கொண்டு சுற்றுவதை அவர் பார்த்திருக்கிறார். நாமும் அப்படி ஒன்று செய்து, மூன்று பேரும் ஊர் ஊராகப் போனால் என்ன என்று கேட்டார். பலகை வேலை, குஷன் வேலை எனக்குத் தெரியும். உறை தைக்க வசந்தி இருக்கிறாள். பகலில் ஓட்ட அவருடைய கண் போதும், முடியாவிட்டால் நானும் ஓட்டுவேன். செலவு செய்ய எங்களால் ஆகாது. கடையில் ஒதுங்கிக் கிடக்கும் கழிவையும் காயலான் கடைச் சாமானையும் வைத்தே முடித்துவிடலாம் என்றார். நாங்களும் தலையை ஆட்டினோம்.

பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, தனக்கென்று ஒன்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்டா. வண்டிக்குள்ள கால நீட்டிப் படுக்கணும். இம்புட்டு வருசம் மடங்கியே கெடந்துட்டேன். வேற எதும் வேணாம்."

சரிண்ணே என்றேன்.

அந்த "சரிண்ணே" பொய்யில்லை. நம்புங்கள்... அந்த நேரத்தில் அது பொய்யில்லை.

வேலை தொடங்கியது. வாடை போக வேப்பெண்ணெய் சோப்பைக் கரைத்து ஊற்றித் தேய்த்தோம். தகரச் சுவரில் வெயில் இறங்காமலிருக்க, டிவி பெட்டிகளில் வரும் தெர்மாகோலை ஒட்டினோம். அதன் மேல் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்கள். கல்யாணம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் கலந்து கிடைத்தன. படம் உள்பக்கம் போகும்படி திருப்பித்தான் அடித்தேன். இருந்தும் ஓரிடத்தில் யாரோ ஒரு மணப்பெண்ணின் சிரிப்பு மங்கலாகத் தெரிகிறது, இன்றைக்கும். உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து ஒரு ஜன்னல் கிடைத்தது. பஸ் சீட்டுப் பஞ்சை வெட்டி ஒட்டி மெத்தை செய்தோம். அது ஓரிடத்தில் மெத்தென்று இருக்கும், அடுத்த இடத்தில் கட்டையாக இருக்கும். மீந்த ரெக்சினில் உறை. நீலம், மெரூன், பழுப்பு என்று கைக்கு வந்த நிறமெல்லாம் அதில் இருந்தது.

உள்ளே அமைப்பு இதுதான். வலது பக்கம் எனக்கும் வசந்திக்கும் ஓர் அகலமான படுக்கை. இடது பக்கம் அண்ணனுக்கு ஒரு நீளக் கட்டில், டிரைவர் முதுகுப் பக்கத் தடுப்பிலிருந்து பின்கதவு வரைக்கும். நடுவே, தடுப்பை ஒட்டி, அடுப்பு வைக்க ஒரு மேடை.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முதுகுவலிக்காரர்களுக்கு மெத்தை தைப்பதென்றால் டேப் வைத்து அளக்க மாட்டேன். தரையில் கான்வாஸ் துணியை விரித்து, ஆளை அதன் மேல் படுக்க வைத்து, சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவேன். படுக்கும்போது உடம்பு கொஞ்சம் நீளும். அந்த நீளத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அண்ணனையும் அப்படிப் படுக்க வைத்தேன். கடைக்கு வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு படுத்தார். முதலில் பழக்கத்தில் முழங்கால் மடங்கியது. நீட்டுண்ணே என்றேன். நீட்டினார். நான் உச்சந்தலையில் தொடங்கி, தோள், இடுப்பு, குதிகால் என்று கோடு இழுத்துக்கொண்டு போனேன். எழுந்து நின்று அந்தக் கோட்டைப் பார்த்தவர், நான் இம்புட்டு நீளமா என்று கேட்டார். தன்னை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தார் போலிருக்கிறது.

ஆக, அளவு என் கையில் இருந்தது. வெள்ளைக் கோடாக, தலை முதல் கால் வரை இருந்தது!

மறுநாள் பலகை அறுப்பதற்காக வண்டிக்குள் நின்றேன். அண்ணன் அன்று வேலைக்குப் போகவில்லை. அவரும் வசந்தியும் வெளியே உட்கார்ந்து, எந்த ஊருக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கேரளத்தில் ஒரு செக்போஸ்டில் தூக்கக் கலக்கத்தில் போலீஸ்காரர் கையில் பில்லுக்குப் பதிலாக முருங்கைக்காயை நீட்டிய கதையை அண்ணன் சொன்னார். வசந்தி வாயைப் பொத்தாமல் சிரித்தாள். பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்:

"நடுவுல ஒரு தெர போட்டுக்கலாம்டா. வீட்டுல இருக்க மாதிரியே."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான். கடலுக்குப் போனாலும் மலைக்குப் போனாலும் அந்தத் திரை கூடவே வரும் என்று தெரிந்தது. அவர் இருமுவார். வசந்தி வாயைப் பொத்துவாள். சக்கரம் வைத்துக்கொண்டு எங்கள் வீடே எங்களோடு வரும். கால் நீட்ட முடியாத வண்டியில் அவர் வரமாட்டார் என்று தோன்றியது.

ரம்பத்தைப் பலகையில் குறித்திருந்த கோட்டில் வைத்தேன். பிறகு ஒரு முழம் தள்ளி வைத்தேன். அறுத்தேன்.

ரம்பம் கொஞ்சமும் பிசகவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

கட்டிலின் தலைமாட்டில், டிரைவர் தடுப்பை ஒட்டி, அந்த ஒரு முழத்துக்கு ஒரு பெட்டி அடித்தேன். மேலே மூடி போட்டுத் திருகாணியால் முடுக்கி, மெரூன் ரெக்சின் போர்த்தினேன். இரண்டாவது பேட்டரியும் அதன் ஒயரும் அதற்குள் வரும், அதை வைத்துத்தான் லைட்டும் ஃபேனும் எரியும் என்று எல்லோரிடமும் சொன்னேன். பேட்டரி வாங்க இப்போது முடியாது, பிறகு வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்றேன். இல்லாமை எனக்கு எவ்வளவு வசதியாகக் கைகொடுத்தது பாருங்கள்! சிக்கனத்தில் செய்த வண்டியில் ஒரு பெட்டி காலியாக இருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

மெத்தை உறை தைக்க வசந்தி அந்த அளவுத் துணியைக் கேட்டாள். அதை விரித்துக் கட்டிலோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துணி எங்கோ போய்விட்டது என்று சொல்லி, வாயாலேயே அளவு சொன்னேன். துணியை மடித்துப் பெட்டிக்குள் திணித்து மூடியை முடுக்கிவிட்டேன். அண்ணனின் முழு நீளமும் அவர் தலைமாட்டுப் பெட்டிக்குள் மடிந்து கிடக்கிறது.

கட்டில் முடிந்த அன்று அண்ணன் காலைக் கழுவிவிட்டு வண்டிக்குள் ஏறினார். படுத்தார். தலை பெட்டியில் முட்டியது. கீழே நகர்ந்தார். குதிகால் பின்கதவில் முட்டியது. இன்னொரு தடவை நகர்ந்து பார்த்தார். பிறகு மெல்ல முழங்காலை மடக்கிக்கொண்டார்.

நான் பேட்டரிக் கதையைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி, போதும் என்பது போல் காட்டினார்.

"இருக்கட்டும்ப்பா. பழகுன ஒடம்புதான."

அந்த வாரம் எலக்ட்ரீசியன் பஷீர் பாய் லைட் மாட்ட வந்தார். எங்கள் தெருக்காரர், அண்ணனுக்குச் சிநேகிதர். வண்டியின் பேட்டரியிலிருந்தே கூரை ஓரமாக ஒயரை இழுத்து ஒரு சின்ன லைட்டும் ஃபேனும் மாட்டிவிட்டார். போகும்போது பெட்டியைத் தட்டிப் பார்த்து, இது எதுக்குத் தம்பி, இன்னொரு பேட்டரி வச்சாலும் வண்டிக்கு அடியில வெளிய வச்சுட்டுப் போயிரலாமே, இடம் வீணாப் போகுதே என்றார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். காலமெல்லாம் வண்டியோடு கிடந்த மனிதர் அவர்! பேட்டரி எங்கே இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலை இழுத்து இழுத்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாடிக்கொம்பு பெருமாள் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தவர் அண்ணன்தான். பழம் நசுங்கி வண்டி நகர்ந்ததும், முதல் தடவை நீங்கள் இரண்டு பேரும் போய்வாருங்கள் என்றார். மார்க்கெட்டில் வேலை இருக்கிறதாம். நான் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது, கேட்காமலேயே.

எங்கே போக வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். திருச்சூர் தாண்டி மேற்கே போகும் ரோட்டில் ஒரு சர்ச் சுவர் வரும். அதை ஒட்டி வண்டியை நிறுத்தினால் கடல் சத்தம் கேட்கும். லோடு இறக்கிவிட்டு அவர் எப்போதும் படுக்கும் இடம் அது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாராம். தூக்கம்தான் ஜெயிக்குமாம். கடைசிவரை பார்க்கவேயில்லை.

அந்தச் சுவரை ஒட்டித்தான் நிறுத்தினோம். தென்னந்தோப்புக்குள் கொஞ்சம் நடந்ததும் கடல். வசந்தி காலை நனைத்துக்கொண்டு நின்றாள். சாயங்கால வெயில். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. இதைத்தானே கேட்டேன்? சந்தோஷமாக இருக்க முயன்றேன். இருந்தேன் என்றுகூட நினைக்கிறேன், செத்த நேரம்.

திரும்பி வந்து வண்டிக்குள் அடுப்பு மூட்டும்போது வசந்தி அண்ணனின் கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். அவள் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண், கோபத்தில்கூட அவளுக்கு மரியாதை போகாது.

"ஏனுங்க... மாமா இனிமே வண்டியிலயே படுத்துக்கறேன்னு சொல்லியிருக்காருங்க. ஊட்ட நம்ம ரெண்டு பேத்துக்கும் விட்டுப்போட்டு. அதுக்குத்தான் இந்த வண்டியே. உங்ககிட்டச் சொன்னா சங்கடப்படுவீங்கன்னு என்னையச் சொல்ல வேண்டாம்னுட்டாருங்க."

பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே அடுப்பை அணைக்கவில்லை.

அந்தக் கட்டில் ஊர் சுற்றுவதற்கு மட்டும் அல்ல... இனி அவர் படுக்கப்போகும் எல்லா நாளைக்கும். திரையின் அந்தப் பக்கத்திலிருந்து அவராகவே எழுந்து போவதற்காக, வயசு காலத்தில் ஒரு வேனுக்குள் குடியேறத் தயாராகி, அங்கே கால் நீட்ட மட்டும் இடம் கேட்டிருக்கிறார். அதைத்தான் நான் அறுத்திருக்கிறேன்!

பேட்டரியை எங்கேயாவது வெளியே வைக்க முடியாதா, பெட்டியை எடுத்துவிட்டால் மாமா காலை நீட்டுவாரே என்று வசந்தி கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் டம்ளரைக் கழுவினேன்.

ஊர் திரும்பியதும் கடல் எப்படி இருந்தது என்று அண்ணன் கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். வலது பக்கப் படுக்கையில் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தம்பி மனைவி படுத்த இடத்தில் படுக்கச் சொல்கிறாயா என்பது போல ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

கொஞ்ச நாள் மடங்கிப் படுத்தார். முழங்கால் வீங்கியது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருநாள் காலையில் கடை திறக்க வந்தபோது பார்த்தேன். வேனின் பின்கதவு திறந்திருந்தது. இரண்டு கால்கள், கணுக்காலுக்கு மேலே வரை, வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெடித்த, வெளுத்த குதிகால்கள். பனிக்கு ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தார். அது நழுவிக் கீழே கிடந்தது. ஒரு நாய் அதன் மேல் படுத்திருந்தது.

நான் சாக்கை எடுத்துக் காலில் போர்த்திவிட்டுக் கடையைத் திறந்தேன்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியைப் பிரிக்கவில்லை. காலுக்கு ஒரு பை தைத்தேன்! நல்ல நீல ரெக்சின், உள்ளே கம்பளி, கொசு நுழையாமல் சுருக்குக் கயிறு. கதவுச் சட்டத்தில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டேன். அண்ணன் அதற்குள் காலை விட்டுப் பார்த்துவிட்டு, போகிற வருகிற ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். தம்பி தைத்துக் கொடுத்தான் என்றார். பஷீர் பாயிடம் காட்டினார். பூ விற்கிற அம்மாவிடம் காட்டினார். ஒவ்வொரு தடவையும் நான் மெஷினில் குனிந்துகொண்டேன். என் கையால் நான் செய்த வேலைகளிலேயே ரொம்பவும் சுத்தமான தையல் அதுதான்.

நீங்கள் கேட்பீர்கள்... ஒரு திருப்புளி, ஒரு மதிய நேரம், அவ்வளவுதானே, பிரித்துவிடலாமே என்று. ஆமாம், அவ்வளவுதான். ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே அந்தத் துணி இருக்கிறது. அதில் ஒரு ஆள் நீளத்துக்கு வெள்ளைக் கோடு இருக்கிறது. எடுத்து எரித்துவிட்டுப் பிறகு பிரிக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். நினைத்துக்கொண்டே ஒரு மழைக்காலம் போய்விட்டது. கோழைக்கு நினைப்பது ஒரு வேலை.

அதன் பிறகு ஒருநாள் துணிந்தேன். வசந்தி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நூல் வாங்கப் போயிருந்தாள். அண்ணன் மார்க்கெட்டில் இருப்பார் என்று நினைத்தேன். வண்டிக்குள் ஏறி, ரெக்சினை உரித்து, திருகாணிகளைக் கழற்றினேன். மூடியைத் தூக்கியதும் துணியின் ஓரம் வெளியே வந்தது. சாக்பீஸ் கொஞ்சமும் அழியவில்லை. குதிகால் இருக்கும் இடம்.

பின்கதவில் நிழல் விழுந்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கால்வலி என்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார்.

அவர் துணியைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். அண்ணன் குனிந்து உள்ளே ஏறி வந்தார். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் மடித்து உள்ளே தள்ளினார். மூடியை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

"முடுக்கிருடா."

நான் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு மூடியைப் பார்த்தேன்.

"இப்பப் பிரிச்சீன்னா வசந்தி ஏன்னு கேக்கும். நீ இன்னொரு பொய் சொல்லுவ. இல்லாட்டி நெசத்தச் சொல்லிப்புடுவ. அந்தப் புள்ள அதுக்கப்புறம் ஒம்மூஞ்சில முழிக்காது. கெடக்கட்டும்டா. எனக்குத்தான் நீ பை தச்சுக் குடுத்துட்டீல."

கேலி இல்லை அதில். கோபமும் இல்லை. இருந்திருக்கலாமே! ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாமே! எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பஷீர் பாய் வந்த அன்றைக்கா, முதன்முதலாகப் படுத்துப் பார்த்த அன்றைக்கா... தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன்?

திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் முடுக்கினேன். ரெக்சினை இழுத்து ஒட்டினோம். ஓரம் சரியாக உட்காரவில்லை என்று அவரே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மன்னித்துவிட்டார் என்கிறீர்களா? அப்படித் தோன்றவில்லை எனக்கு. என் பொய்யில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டார். அது மன்னிப்பை விடக் கனமாக இருக்கிறது.

வசந்தி திரையைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். வீடு முழுக்க எங்களுடையது. அவள் சில சமயம் வாயைப் பொத்தாமல் சிரிக்கிறாள். நானும் சிரிக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். படுத்தால், கூடத்திலிருந்து இருமல் வருகிறதா என்று நான் காது கொடுத்துக்கொண்டே கிடக்கிறேன். வருவதில்லை.

இந்த வருசமும் மழை தொடங்கிவிட்டது. மழை வந்தால் பின்கதவைத் திறந்து வைக்க முடியாது. அண்ணன் அன்றைக்கெல்லாம் காலை மடக்கிக்கொள்கிறார். முன்பு போல மடங்குவதில்லை. கையால் பிடித்து மடக்குகிறார்.

நேற்று மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணன் மட்டும் நாற்காலியில், இப்போதெல்லாம் தரையில் உட்கார அவருக்கு முடியாது. வசந்தி சோறு போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பேட்டரி எப்பத்தானுங்க வரும்? வந்தா அதுக்கு வேற எடம் பாத்துப்போட்டு, மாமாவுக்கு அந்தப் பெட்டிய எடுத்துரலாமுங்க."

என் கை தட்டிலேயே நின்றது. அண்ணன் ரசத்தை உறிஞ்சிவிட்டு, என்னைப் பார்க்காமல், அவளுக்குப் பதில் சொன்னார்.

"வரும்மா. நல்லதாப் பாத்துக்கிட்டு இருக்கான்."

வசந்தி சரிங்க மாமா என்றாள். அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

நானும் சாப்பிட்டு முடித்தேன்.